விசில் இல்லாத வெள்ளைக் கோடு

ஜூன் 4

அன்புள்ள மொட்டைக்கு,

அக்கா எழுதுகிறேன். உனக்கு எழுதுவதெல்லாம் மொட்டைக் கடிதம்தான் என்று கணக்கு டீச்சர் கேலி செய்கிறாள். அவள் வாய்க்குப் பூட்டுப் போட யாரால் முடியும்? நீயும் உன் வீட்டுக்காரியும் குட்டியும் சௌக்கியமா? இங்கே நான் சௌக்கியம், முழங்காலைத் தவிர.

போன வாரம் ஃபோனைப் பாதியில் வைத்தாயே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. நானும்தான் வைத்தேன், அது வேறு விஷயம். நீ முந்திக்கொண்டாய். குரலைக் கேட்டால் சண்டை, கையெழுத்தைப் பார்த்தால் பாசம் என்று ஆகிவிட்டது நம் பிழைப்பு. அதனால்தான் இந்தக் காலத்திலும் தபால்காரருக்கு நம்மால் வேலை இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்று உன் கேமரா வந்துவிட்டது! ஏணி வண்டியோடு இரண்டு பேர் வந்து, பள்ளி வாசலுக்கு எதிரே இருக்கும் சிக்னல் கம்பத்தின் உச்சியில் மாட்டிவிட்டுப் போனார்கள். கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி வெள்ளையாக இருக்கிறது. அடியில் ஒரு சின்னப் பச்சை விளக்கு. மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த ஆறாம் வகுப்பு மொத்தமும் கம்பி வேலியில் தொற்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தது. ஒரு வாண்டு, "டீச்சர், அது கண்ணு சிமிட்டுமா?" என்று கேட்டது. "சிமிட்டவே சிமிட்டாது, அதுக்காகத்தான் வச்சிருக்கு. எந்தம்பி செஞ்சது" என்றேன். சொல்லும்போதே எனக்கு ஓர் அங்குலம் உயரம் கூடிவிட்டது.

புத்தாண்டின்போது, "அக்கா, உன் பள்ளிக்கூட வாசலுக்குத்தான் முதல்ல" என்று நீ சொன்னதை நான் பாதிதான் நம்பினேன். நீ சின்ன வயதிலிருந்தே வாய்ச்சொல் வீரன் ஆயிற்றே! இந்த முறை ஜெயித்துவிட்டாய்.

உனக்கு அந்த ரோடு தெரியும். இந்தப் பக்கம் பள்ளி, அந்தப் பக்கம் பஸ் நிறுத்தமும் முக்கால்வாசிப் பிள்ளைகள் குடியிருக்கும் அடுக்குமாடிகளும். நடுவே கிடங்குகளுக்குப் போகிற லாரிகள். சிவப்பு விழுந்தால் நிற்க வேண்டும் என்பது அவர்களுக்கு ஒரு யோசனை, அவ்வளவுதான். நடப்பவர்களுக்கான விளக்கில் பச்சை மனிதன் எரிவதும் தெரியாது, அணைவதும் தெரியாது. ஒன்றாம் வகுப்புக் கால்களுக்கு அது எப்படிப் போதும்? அதனால்தான் காலையும் மாலையும் நான் சிவப்புப் பலகையைத் தூக்கிக்கொண்டு, விசிலைக் கடித்துக்கொண்டு, நடு ரோட்டில் நிற்கிறேன். நான் நிற்க ஆரம்பித்ததிலிருந்து, பிள்ளைகள் ரோட்டைக் கடக்கிற அந்த வெள்ளைக் கோட்டில் ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயரே விசில் டீச்சர்தான்.

"உன் தம்பி மெஷின் வந்தா உனக்கு வேலை போச்சு. அந்த விசிலை எனக்குக் குடுத்துடு, ஏழாம் வகுப்பை அடக்க ஆகும்" என்கிறாள் கணக்கு டீச்சர்.

இந்தக் கேமரா என்ன செய்யும், எப்படிச் செய்யும் என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுது. காலைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் மானம் போவது உனக்குத்தான்.

குட்டிக்கு அத்தையின் முத்தம்.

உன் அக்கா


ஜூன் 13

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். குட்டி, கேமரா கண் சிமிட்டுமா என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் விடவில்லை. ஃபோனை வைத்ததற்கு மன்னித்துவிடு. நீயும் வைத்தாய் என்பதை நான் குறிப்பிடவில்லை, பார்.

நீ கேட்டதைச் சொல்கிறேன். கேமராவில் தெரிவதை ஒரு கணினி இடைவிடாமல் படித்துக்கொண்டே இருக்கும். இது லாரி, இது சைக்கிள், இது குழந்தை, இது தடி ஊன்றி நடக்கிற பெரியவர் என்று பிரித்து அறியும். இதற்கெல்லாம் யாரும் உட்கார்ந்து விதி எழுதவில்லை. கணக்கில்லாத தெருக்காட்சிகளைக் காட்டினோம், தானே கற்றுக்கொண்டது. யாராவது வெள்ளைக் கோட்டில் பாதியில் இருந்தால் பச்சை மனிதனை அணைக்காது. தூரத்தில் ஒரு லாரி வருகிற வேகத்தைப் பார்த்தே, இது நிற்கப் போவதில்லை என்று கணித்தால், நடப்பவர்களுக்குப் பச்சையே போடாது. அந்த லாரி போய்த் தொலையட்டும் என்று காத்திருக்கும். உங்கள் ஊர் ஆஸ்பத்திரி சிக்னலில் அது வேலை செய்வதைப் பார்த்தால் உனக்கே ஆசையாக இருக்கும். செயற்கை நுண்ணறிவு என்றால் ஏதோ வானத்திலிருந்து வந்தது என்று பேசுகிறார்கள். எனக்கு அது பொறுமைசாலியான ஒரு வாத்தியார் மாதிரிதான் தோன்றுகிறது. உன்னைப்போல என்று சொல்ல ஆசை, ஆனால் உனக்கு ஏது பொறுமை?

அக்கா, ஒரு வேண்டுகோள். கோபப்படாமல் படி. இனி நீ நடு ரோட்டில் நிற்க வேண்டாம். முதல் காரணம் உன் முழங்கால். டாக்டர் போன வருடமே சொன்னார், நீ காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. நீ பலகையைத் தூக்கி, கையை ஆட்டி, விசில் ஊதினால் வண்டிக்காரர்கள் உன்னைத்தான் பார்ப்பார்கள், சிக்னலைப் பார்க்க மாட்டார்கள். மக்கள் இயல்பாக எப்படி நடக்கிறார்கள் என்பதைக் கேமரா பார்க்க வேண்டும். நடுவே நீ நின்றால் குழப்பம். கொஞ்ச மாதங்கள் மட்டும். எனக்காக.

வேலை தலைக்கு மேல். இந்தத் திட்டத்தை எங்கள் அலுவலக இயக்குநர் என்னை நம்பித்தான் விட்டிருக்கிறார்.

அன்புடன்,
உன் மொட்டை


ஜூலை 2

அன்புள்ள மொட்டைக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் வந்தது கோபம்தான். நான் நிற்பது குழப்பமாம்! அடுத்த நாளும் வீம்புக்குப் போய் நின்றேன். அதற்கடுத்த நாள் மாடிப்படி ஏறும்போது முழங்கால் உன் பக்கம் பேசியது. சரி, படித்தவன் சொல்கிறான், அதுவும் நம் வீட்டுப் படித்தவன், கேட்டுத்தான் பார்ப்போமே என்று விட்டுவிட்டேன்.

காலைக் கூட்டத்தில் நீ எழுதியதை அப்படியே சொன்னேன். "அது உங்களைப் பாத்துக்கிட்டே இருக்கும். நீங்க பாதி வழியில இருந்தா பச்சை அணையாது. ஓடாதீங்க, தள்ளாதீங்க, நடந்து போங்க" என்றேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். தலைமையாசிரியர் எழுந்து உனக்கு நன்றி சொன்னார். பெற்றோர் கூட்டத்தில் ஒரு அப்பா மட்டும் விடவில்லை. "மெஷினை நம்பலாமா டீச்சர்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "மெஷினை நம்ப வேணாம் சார், எந்தம்பியை நம்புங்க" என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

சிவப்புப் பலகை இப்போது விளையாட்டுச் சாமான் அறையில், கிழிந்த வலைக்குப் பின்னால். இரண்டு வேளையும் எனக்குக் கை அரிக்கிறது. வாசல் தூணுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறேன். கல்யாணமாகிப் போன பெண்ணின் வீட்டு வாசலில் அம்மாக்காரி நிற்கிற மாதிரி இருக்கிறது என்று கணக்கு டீச்சர் சிரிக்கிறாள்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். எட்டிப் பார்க்கும்போது சில நாள் சின்னப் பிள்ளைகள் நடுவில் இருக்கும்போதே பச்சை மனிதன் அணைந்துவிடுகிறது. அவர்கள் நீ சொன்னதை நம்பி ஓடாமல் நடக்கிறார்கள். நேற்று ஒரு வேன் கிறீச்சென்று பிரேக் அடித்து, வெள்ளைக் கோட்டின் மேலேயே வந்து நின்றது. புது மருமகள் மாதிரி கொஞ்ச நாள் தடுமாறத்தான் செய்யுமா? இல்லை, ஏதாவது கோளாறா? உனக்குத் தெரியாமல் இருக்காது. நான் மறுபடி போய் நிற்கட்டுமா? நேராகச் சொல்லிவிடு. நீ நில் என்றால் நாளைக்கே நிற்கிறேன், எனக்கு ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

இரண்டு வருடமாக ஊர்ப் பக்கம் வரவில்லை நீ. குட்டிக்கு அத்தையின் முகமாவது ஞாபகம் இருக்கிறதா?

உன் அக்கா


ஜூலை 12

அன்புள்ள அக்காவுக்கு,

அவசரத்தில் எழுதுகிறேன். கவலைப்படாதே. எல்லாமே இப்போது கற்றுக்கொள்ளும் கட்டத்தில்தான் இருக்கிறது. இன்னும் இரண்டே மாதம் பொறுத்துக்கொள். முதல் அறிக்கை போய்விட்டால் நிலைமை மாறும். அதுவரை நீ நிற்க வேண்டாம், தயவுசெய்து.

தனி பார்சலில் முழங்காலுக்கு ஓர் உறை அனுப்பியிருக்கிறேன். நல்ல சரக்கு, வீட்டுக்காரி தேடிப்பிடித்து வாங்கினாள். காலையில் எழுந்ததும் மாட்டிக்கொள். பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கடக்கச் சொல்.

இன்னொரு செய்தி. அறிக்கை நன்றாக வந்தால் என்னைத் துணை இயக்குநர் ஆக்குவதாகப் பேச்சு. யாரிடமும் சொல்லாதே, குறிப்பாக உன் கணக்கு டீச்சரிடம்.

குட்டிக்கு உன் முகம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. உன் படத்தைப் பார்த்து "விசில் அத்தை" என்கிறாள்.

அன்புடன்,
உன் மொட்டை


செப்டம்பர் 9

அன்புள்ள தம்பிக்கு,

ஃபோனை நீ எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நேற்று மாலை பள்ளி விட்டதும் நம் வெள்ளைக் கோட்டில் கணக்கு டீச்சரை ஒரு லாரி அடித்துவிட்டது. உயிர் இருக்கிறது. இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது, ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. எடுத்துவிட்டார்கள்.

நான் தூணுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். அவள் திருத்த வேண்டிய நோட்டுகளைப் பையில் சுமந்துகொண்டு, பிள்ளைகள் எல்லோரும் கடந்த பிறகு, கடைசியாக இறங்கினாள். பச்சை எரிந்தது. அவள் எப்போதுமே மெதுவாக நடப்பவள். நடுவில் போகும்போது அணைந்தது. அவள் ஓடவில்லை. தலையைத் தூக்கிக் கேமராவைப் பார்த்தாள், தம்பி. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, அது காத்திருக்கும் என்று அதே நடையில் நடந்தாள். நான் கத்தினேன். என் வாயில் விசில் இல்லை.

பிள்ளைகள் பஸ் நிறுத்தத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்தார்கள்.

உன்மேல் ஒரு குறையும் சொல்ல இதை எழுதவில்லை. இயந்திரம் என்றால் பழுதாகத்தான் செய்யும், மனிதர்களுக்கே ஆகிறதே. ஆனால் என்ன பழுது என்று உடனே பார்க்கச் சொல். மற்ற இடங்களிலும் அப்படி ஆகிவிடக்கூடாது. உன் வேலைக்கு இதனால் ஏதும் வந்துவிடுமோ என்று வேறு எனக்கு பயமாக இருக்கிறது. இன்று காலை பலகையைத் தேடி எடுத்துக்கொண்டு போய் நின்றேன். நீ வேண்டாம் என்று சொன்னதை மீறித்தான். மன்னித்துக்கொள்.

முடிந்தால் ஒரு நடை வந்துவிட்டுப் போ. எனக்கு யாராவது பக்கத்தில் இருந்தால் தேவலை.

உன் அக்கா


செப்டம்பர் 24

தம்பிக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஃபோனும் இல்லை. வீட்டுக்காரியிடம் பேசினேன், நீ ஏதோ கூட்டம் கூட்டமென்று அலைவதாகச் சொன்னாள். சரி.

கணக்கு டீச்சருக்கு நினைவு நன்றாகத் திரும்பிவிட்டது. முதல் நாள் என்னைப் பார்த்ததும், "எழுபது நோட்டு ரோட்டுல பறந்துச்சாமே, பாதிப் பேருக்கு மார்க் போடற வேலை மிச்சம்" என்றாள். அப்புறம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "நீ அங்க இல்லைன்னு தெரியும். உன் தம்பி இருக்கான்னு நெனச்சுதான்டி இறங்கினேன்" என்றாள்.

முந்தாநாள் கேமராவைப் பார்க்க ஒரு டெக்னீஷியன் வந்தார். வாலிபப் பிள்ளை, மரியாதையானவர். ஏணியிலிருந்து இறங்கியதும், "தம்பி, என்னப்பா பழுது?" என்று கேட்டேன். "பழுதெல்லாம் ஒண்ணுமில்லைங்க டீச்சர், நல்லாத்தான் ஓடுது" என்றார். "அப்புறம் ஏன் பச்சை அணைஞ்சுது?" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இது சும்மா எண்ணுற கேமராங்க. எத்தனை பேர் போறாங்க, எத்தனை தடவை இடிக்கப் பார்த்துச்சுன்னு பதிவு பண்ணும், அவ்வளவுதான். சிக்னலுக்கும் இதுக்கும் வயரே இல்லையே. ஆஸ்பத்திரிப் பக்கம் இருக்குறதுதான் சிக்னலை மாத்தும்" என்றார். நான் நம்பவில்லை. கம்பத்தருகே கூட்டிப் போய் விரலால் காட்டினார். அவர் காட்டிய இடத்தில் ஒரு வயரும் இல்லை.

தம்பி, உனக்கு இது தெரியாமல் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். மேலே இருப்பவர்கள் உன்னிடம் ஒன்று சொல்லி, இங்கே வேறொன்றை மாட்டியிருப்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கூட்டமாக இருக்கும். நீ வெகுளி, சின்ன வயதிலிருந்தே எவன் என்ன சொன்னாலும் நம்புவாய்.

விபத்தைப் பற்றி அடுத்த வாரம் என்னை விசாரணைக்கு அழைத்திருக்கிறார்கள். தெரியுமா, தெரியாதா? இந்த ஒரு வார்த்தையை மட்டும் எழுது. வேறொன்றும் வேண்டாம்.

அக்கா


அக்டோபர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

தெரியும்.

இந்த ஒரு வார்த்தையை எழுத எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. மீதியையும் எழுதிவிடுகிறேன், பொறுமையாகப் படி.

திட்டத்துக்கு அனுமதி கொடுத்தபோதே ஒரு நிபந்தனை வைத்தார்கள். பாதி சிக்னல்களில் இயந்திரம் வேலை செய்ய வேண்டும். மற்ற பாதியில் கேமரா வெறுமனே எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் ஒப்பிட்டுப் பார்த்து, இயந்திரத்தால் பலன் உண்டா இல்லையா என்று சொல்ல முடியும். மருந்தைச் சோதிப்பது போலத்தான், இதில் தவறொன்றும் இல்லை. எது எந்தப் பக்கம் என்று குலுக்கல் போட்டார்கள். உன் பள்ளி எண்ணுகிற பக்கம் விழுந்தது. நான் அதற்கு முன்பே உனக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருக்கும்போதுதான் உன் கடிதம் வந்தது. ஓர் அங்குலம் உயரம் கூடிவிட்டது என்று எழுதியிருந்தாய். எனக்கு வாய் வரவில்லை, அக்கா.

அத்தோடு விட்டிருக்கலாம். முதல் வாரக் கணக்கு வந்தபோது உன் சிக்னலில் ஆபத்தான சம்பவம் என்று ஒன்றுகூடப் பதிவாகவில்லை. எங்கள் இயந்திரம் வேலை செய்கிற இடங்களைவிட உன் இடம் நன்றாக இருந்தது. இயக்குநர் படத்தைப் போட்டுப் பார்த்தார். "யாரு இந்தம்மா, நடு ரோட்டுல? இப்படி ஒரு ஆள் நின்னா எதோட எதை ஒப்பிடறது? நம்ம மெஷினே தேவையில்லைன்னு ஆயிடுமே" என்றார். விதிப்படி இருப்பதை இருக்கிறபடி விட வேண்டும், கை வைக்கக்கூடாது. ஆனால் எனக்கு அந்த அறிக்கை நன்றாக வர வேண்டியிருந்தது. "நான் பாத்துக்கறேன் சார்" என்றேன். அப்படித்தான் உன் முழங்காலைப் பற்றி எழுதினேன். முழங்காலைப் பற்றிய கவலை பொய்யில்லை. அதையாவது நம்பு.

விபத்து நடக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. தினமும் எல்லா சிக்னல்களிலும் மக்கள் கடக்கத்தானே செய்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அறிக்கை போய்விட்டது. இயந்திரம் உள்ள பக்கத்தில் விபத்து மிகக் குறைவு, இல்லாத பக்கத்தில் அதிகம். அதில் கணக்கு டீச்சரும் ஒன்று. திட்டத்தை எல்லா சிக்னல்களுக்கும் விரிவாக்கப் போகிறார்கள். முதலில் உன் பள்ளி வாசல், இந்த முறை சத்தியமாக. தொடக்க விழாவில் நீதான் பொத்தானை அழுத்த வேண்டும் என்று நானே சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்போது முக்கியமான விஷயம். இத்தனை நாள் நின்றவர் ஏன் விலகினீர்கள் என்று விசாரணையில் கேட்பார்கள். முழங்கால் வலி என்று சொல். நான் சொல்லித்தான் விலகினாய் என்று தெரிந்தால் மொத்தச் சோதனையும் மோசடி என்று ஆகிவிடும். திட்டத்தையே நிறுத்திவிடுவார்கள். ஆஸ்பத்திரி சிக்னலிலும் அணைத்துவிடுவார்கள். அங்கே தினமும் தப்பிக்கிறவர்களை நினைத்துப் பார். எனக்காக இல்லாவிட்டாலும் அவர்களுக்காக. உன் மருமகளுக்காக. அவள் அப்பா மோசடிக்காரன் என்று நாலு பேர் பேசுவதை அவள் கேட்க வேண்டுமா?

நீ என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. இதை மட்டும் செய்.

உன் தம்பி


அக்டோபர் 16

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. இரண்டு முறை படித்தேன். முதல் முறை கணக்கு டீச்சர் பெயரைத் தாண்டிப் போக முடியவில்லை. அறிக்கையில் அவளும் ஒன்று என்கிறாயே. அவள் கால் உன் வெற்றிப் பக்கத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது, இல்லையா? அவளிடம் இதைச் சொன்னேன். மறைக்க எனக்கு மனம் வரவில்லை. "எல்லாருக்கும் நான் கழித்தல் சொல்லிக் குடுத்தேன். உன் தம்பி என்னை வச்சுக் கூட்டல் போட்டிருக்கான்" என்றாள். அதற்குமேல் அவளால் வேடிக்கையாகப் பேச முடியவில்லை. அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.

உன் இயந்திரத்தைப் பற்றிச் சொல்கிறேன். அவளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் ஆஸ்பத்திரி சிக்னலைத்தான் கடக்கிறேன். நேற்று ஒரு பெரியவர் தடி ஊன்றிக்கொண்டு பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினார். பச்சை மனிதன் அணையவே இல்லை. லாரிகள் வரிசையாக நின்றன. ஒருவன் ஹாரன் அடித்தான், அதுவும் அசைந்து கொடுக்கவில்லை. அவர் கரையேறிய பிறகுதான் அணைந்தது. நீ எழுதியதெல்லாம் உண்மை, தம்பி. அது நல்ல இயந்திரம். அது ஒரு பொய்யும் சொல்லவில்லை. எங்கள் வாசல் கம்பத்தில் இருக்கிறதுகூடப் பொய் சொல்லவில்லை, எண்ணச் சொன்னார்கள், எண்ணியது. வேலியே பயிரை மேய்ந்தது என்றால் அந்த வேலி நீதான்.

நடு ரோட்டில் நிற்கிற அந்த அம்மா யார் என்று உன் இயக்குநர் கேட்டபோது, "என் அக்கா" என்று சொல்ல உனக்கு நாக்கு எழவில்லையே. அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. குலுக்கலில் விழுந்தது உன் குற்றமா? "அக்கா, உனக்கு இந்த வருஷம் கிடைக்கலை, நீ நின்னுக்கிட்டே இரு" என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் உன்னை நாலு திட்டு திட்டிவிட்டு விசிலை மாட்டிக்கொண்டு போயிருப்பேன். ஜூலையில் கேட்டேனே, நிற்கட்டுமா என்று. நேராகச் சொல் என்று கெஞ்சினேனே. முழங்கால் உறை அனுப்பினாய்.

இனி விசாரணை. உன் கடிதம் வருவதற்கு நாலு நாள் முன்பே என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஏன் விலகினீர்கள் என்று விசாரணை அதிகாரி கேட்டார். என்ன சொன்னேன் தெரியுமா? முழங்கால் வலி என்று சொன்னேன். நீ கேட்காமலேயே. உன்னையும் யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள், உன் பதில் வரும்வரை உன் பெயர் இதில் வரக்கூடாது என்று நானாகவே சொன்னேன். பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று பாடம் நடத்துகிறவள், சர்க்கார் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து கூசாமல் சொன்னேன். வெளியே வந்து, தம்பியைக் காப்பாற்றிவிட்டோம் என்று நிம்மதியாகக்கூட இருந்தது.

பிறகு உன் கடிதம் வந்தது. நான் உனக்காகச் சொன்ன அதே பொய்யை, என்னிடமே வார்த்தை பிசகாமல் கேட்டிருக்கிறாய். ஆஸ்பத்திரி வாசலில் தப்பிக்கிறவர்களைக் காட்டிக் கேட்டிருக்கிறாய், குட்டியைக் காட்டிக் கேட்டிருக்கிறாய். கணக்கு டீச்சர் எப்படி இருக்கிறாள் என்று மட்டும் அந்த நாலு பக்கத்தில் ஓர் இடத்திலும் கேட்கவில்லை.

இன்று காலை மறுபடி போனேன். முன்பு சொன்னது பொய், மாற்றிச் சொல்ல வந்திருக்கிறேன் என்றேன். அதிகாரி என்னை உட்கார வைத்தார். இயந்திரம் நல்லது, அதை எங்கேயும் அணைக்கக்கூடாது, எங்கள் வாசலிலும் உண்மையாகவே மாட்ட வேண்டும் என்பதை முதலில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். அதற்காக என்னை வைத்து விழா எதுவும் வேண்டாம் என்றும் சொன்னேன். கடிதங்களை அவர் கேட்கவில்லை. கேட்டால் கொடுப்பேன்.

"சரிம்மா, உங்களை அங்க நிக்க வேணாம்னு சொன்னது யாரு?" என்று கேட்டார்.

உன் பெயரையும் உன் பதவியையும் சொன்னேன்.

"அவர் சொன்னா நீங்க ஏன் கேக்கணும்? உங்களுக்கு அவர் என்ன வேணும்?"

"கூடப் பொறந்தவன்."

அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். வயதானவர், அவருக்கும் யாராவது இருப்பார்கள் போல. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. இதை எழுதிட்டா அப்புறம் அழிக்க முடியாது" என்றார்.

"எழுதிக்குங்க" என்றேன்.

அக்கா